மனைவிக்கு அமெரிக்க கிரீன் கார்டு: தூதரகம் வழியாகப் போவதா, அங்கே இருந்தபடியே போடுவதா?

கல்யாணம் முடிந்துவிட்டது, ஒருவரிடம் அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருக்கிறது, இன்னொருவருக்குக் கிரீன் கார்டு வாங்க வேண்டும். இதற்கு இரண்டு வழி. ஊரில் இருக்கும் அமெரிக்கத் தூதரகத்தில் நேர்காணல் முடித்து, குடியேற்ற விசாவோடு விமானம் ஏறுவது ஒன்று. ஏற்கெனவே அமெரிக்காவுக்குள் இருப்பவர் அங்கிருந்தபடியே ஐ-485 என்ற விண்ணப்பம் போட்டு ஸ்டேட்டஸ் (தங்கும் தகுதி) மாற்றிக்கொள்வது இன்னொன்று. (எளிமைக்காக மனைவிக்குப் போடுவதாகவே எழுதுகிறேன், கணவருக்கும் இதேதான்.)

எது சீக்கிரம் வரும், எது செலவு கம்மி என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் பார்க்க வேண்டியது, மனைவி இப்போது எங்கே இருக்கிறார், அமெரிக்காவில் இருந்தால் எந்த விசாவில் உள்ளே வந்தார் என்பது. பாதிப் பேருக்கு இதிலேயே விடை கிடைத்துவிடும். அடுத்து, வரும் ஒரு வருடத்தில் ஊருக்குப் போயே ஆகவேண்டிய நிலை வருமா என்பது. மீதிப் பேருக்கு இதுதான் முடிவு செய்யும்.

இரண்டு வழிக்கும் தொடக்கம் ஐ-130 மனு. இது உண்மையான கல்யாணம் என்று காட்டுவது மட்டும்தான் அதன் வேலை. ஐ-130 அப்ரூவ் ஆனதும் அமெரிக்காவில் தங்க உரிமை வந்துவிட்டதாக நினைத்து, விசா முடிந்தபிறகும் தங்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி எந்த உரிமையும் அதில் வருவதில்லை.

மனுப் போடுபவர் யார் என்பதும் முக்கியம். குடிமகன் போட்டால் மனைவி 'உடனடி உறவு' கணக்கில் வருவார், வரிசை கிடையாது. கிரீன் கார்டு வைத்திருப்பவர் போட்டால் எஃப்2ஏ என்ற வரிசை. வெளியுறவுத் துறை மாதாமாதம் வெளியிடும் விசா புல்லட்டினில் உங்கள் தேதி (ஐ-130 போட்ட நாள்) வரும்வரை ஐ-485 போடவும் முடியாது, தூதரகத்தில் விசாவும் கிடைக்காது. அந்த இடைவெளியில் கணவர் குடியுரிமை வாங்கிவிட்டால் மனு தானாக உடனடி உறவுக்கு மாறும், தகவல் மட்டும் சொல்ல வேண்டும்.

ஐடி வேலையில் இருந்துகொண்டு இஏடி (வேலை அனுமதி அட்டை) வைத்துக்கொண்டோ இபி (வேலை வழிக் கிரீன் கார்டு) வரிசையிலோ காத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு விஷயம். வேலை வழியாகக் கிரீன் கார்டு அப்ரூவ் ஆகும் நாளுக்கு ஒரு நாள் முன்பாவது கல்யாணம் நடந்திருந்தால், மனைவிக்குத் தனியாக ஐ-130 வேண்டாம், உங்கள் தேதியே அவருக்கும் செல்லும், ஊரில் இருந்தால் பின்னால் வந்து சேரலாம். கார்டு வந்தபிறகு கல்யாணம் என்றால் எஃப்2ஏ வரிசைதான். ஜாதகம் பார்த்து முகூர்த்தத் தேதி குறிக்கும்போது இந்தத் தேதியையும் வீட்டில் சொல்லிவையுங்கள், உங்கள் தேதி நெருங்கிவிட்டது என்றால் சட்டப்படி பதிவுத் திருமணத்தை முன்கூட்டியே முடித்துக்கொள்ளலாம்.

மனைவி ஊரில் இருந்தால்

தூதரகம் வழிதான். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் எல்லாக் குடும்பத்திலும் யாராவது ஒருவர், "டூரிஸ்ட் விசாவில் கூட்டிக்கொண்டு வந்து அங்கே போய் அப்ளை பண்ணிடுங்க" என்று யோசனை சொல்வார். தயவுசெய்து கேட்காதீர்கள். சுற்றிப் பார்க்க வருகிறேன் என்று சொல்லி, தங்கிவிடும் திட்டத்தோடு நுழைவது சட்டத்தின் பார்வையில் பொய்த் தகவல். அது நிரூபணமானால் தடை 3 வருடம், 10 வருடம் என்று முடிவதில்லை, ஆயுளுக்கும் நிற்கும், விலக்கு வாங்கினால்தான் நீங்கும். நுழைந்த 90 நாளுக்குள் இப்படிச் செய்தால் வெளியுறவுத் துறை சந்தேகக் கண்ணோடு பார்க்கும். 91வது நாளில் போட்டால் பாதுகாப்பு என்பதும் இல்லை, நுழையும்போது மனதில் என்ன இருந்தது என்பதுதான் கேள்வி. விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து தாலிக்கொடி, சர்டிஃபிகேட், ஃபைல் எல்லாம் பார்த்தார்கள் என்றால் அங்கேயே திருப்பி அனுப்பவும் செய்வார்கள். உண்மையிலேயே பார்க்க வந்து, வந்த இடத்தில் நிலைமை மாறி முடிவெடுத்தவர்கள் விஷயம் வேறு, அதை ஆதாரத்தோடு சொல்ல முடியும்.

தூதரகம் வழியில் நடப்பது இது. ஐ-130 அப்ரூவ் ஆனதும் ஃபைல் தேசிய விசா மையத்துக்கு, அதாவது எல்லோரும் என்விசி என்று சொல்லும் இடத்துக்குப் போகும். அங்கே கட்டணம் கட்டி, டிஎஸ்-260 என்ற விசா விண்ணப்பத்தை நிரப்பி, ஐ-864 என்ற வருமான உறுதிமொழியையும் சான்றிதழ்களையும் ஆன்லைனில் ஏற்ற வேண்டும். எல்லாம் சரி என்று அவர்கள் சொன்னபிறகு நேர்காணலுக்கான வரிசை. சென்னை ஜெமினி பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தூதரகத்தில் இந்த நேர்காணல் இல்லை, தமிழ்நாட்டுக்காரர்கள் மும்பைக்குப் போகவேண்டி வரும். இலங்கையில் இருப்பவர்களுக்குக் கொழும்பு. 2025 நவம்பர் 1 முதல், வசிக்கும் நாட்டில் அல்லது குடியுரிமை உள்ள நாட்டில்தான் நேர்காணல் என்று விதி இறுகிவிட்டது, அதனால் துபாயில் வேலை பார்க்கும் திருநெல்வேலிக்காரர் அமீரகத்திலோ இந்தியாவிலோ முடிக்கலாம், வரிசை குறைவாக இருக்கிறதே என்று மூன்றாவது நாட்டுக்கு ஃபைலைக் கொண்டுபோக முடியாது. நாட்டை வைத்து விசாவை நிறுத்திவைக்கும் உத்தரவுகளும் 2025இலிருந்து வந்துகொண்டிருக்கின்றன, மனைவியின் பாஸ்போர்ட் எந்த நாடு என்பதை வைத்து அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சான்றிதழ்களை ஐ-130 போட்ட நாளிலிருந்தே சேர்க்கத் தொடங்குங்கள், என்விசி கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். கோயிலில் கல்யாணம், மண்டபத்தில் வரவேற்பு என்று முடித்தவர்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த சான்றிதழ் வாங்கியே ஆக வேண்டும், கோயில் ரசீது போதாது. 2009ஆம் வருடச் சட்டப்படி தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களுக்கும் பதிவு கட்டாயம்தான். பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் சேர்க்காமலே விட்டிருப்பார்கள், பெயர் சேர்த்து வாங்குங்கள். பிறப்பே பதிவாகவில்லை என்றால், பதிவு இல்லை என்ற சான்றிதழோடு பள்ளி மாற்றுச் சான்றிதழ் போன்ற துணை ஆதாரங்கள் தேவைப்படும். போலீஸ் கிளியரன்ஸ் இந்தியாவுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், 16 வயதுக்குப் பிறகு எந்த நாட்டில் 12 மாதமோ அதற்கு மேலோ வசித்திருந்தாலும் அந்த நாட்டுச் சான்றிதழும் வேண்டும். சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இரண்டு வருடம் வேலை பார்த்தவர்களுக்கு இதில்தான் மாதக்கணக்கில் நேரம் போகிறது.

பெயர்ப் பிரச்சினை நம்மவர்களுக்கென்றே உள்ளது. இனிஷியல் போட்டே வளர்ந்தவர்களுக்குப் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருக்கும். அப்படியே போனால் இருக்கும் ஒரே பெயர் சர்நேமாகவும், முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யு (முதல் பெயர் தெரியவில்லை) என்றும் விசாவில் அச்சாகும், பிறகு கிரீன் கார்டு, டிரைவிங் லைசென்ஸ், வங்கி என்று அது கூடவே வரும். மனுப் போடுவதற்கு முன்பே பாஸ்போர்ட்டில் சர்நேம் சேர்த்து, எல்லா ஆவணத்திலும் ஒரே பெயர் வருமாறு செய்துவிட்டு ஆரம்பியுங்கள். அங்கே இருந்தபடி போடுபவர்களுக்கும் இது பொருந்தும்.

கணவர் குடிமகனாக இருந்தும் மனைவியோடு சென்னையிலோ சிங்கப்பூரிலோ குடியிருக்கிறார் என்றால் ஐ-864இல் ஒரு சிக்கல் வரும். ஸ்பான்சர் செய்பவரின் நிரந்தர இருப்பிடம் அமெரிக்காவாக இருக்க வேண்டும், அல்லது மனைவியோடு சேர்ந்தோ அதற்கு முன்போ அங்கே குடிபோகப் போகிறார் என்று காட்ட வேண்டும். வேலைக்கான ஆஃபர், வீட்டு வாடகை ஒப்பந்தம், பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை, வங்கிக் கணக்கு, இதெல்லாம் உதவும். வருமானம் வறுமைக் கோட்டில் 125 சதவீதம் வேண்டும், இரண்டு பேர் உள்ள வீட்டுக்கு 2025 கணக்கில் அது வருடத்துக்கு 26,437 டாலராக இருந்தது. இந்தியச் சம்பளம் அமெரிக்கா போனபின் தொடராது என்றால் கணக்கில் வராது, அப்போது அங்கே இருக்கும் அண்ணனோ நண்பரோ கூட்டு ஸ்பான்சராகக் கையெழுத்துப் போடலாம். அவர் யோசித்துத்தான் போட வேண்டும், அந்தக் கையெழுத்து விவாகரத்தானாலும் கட்டுப்படுத்தும்.

மனைவி அமெரிக்காவிலேயே இருந்தால்

எஃப்-1இல் படிக்கிறார், அல்லது எச்-1பியில் வேலை பார்க்கிறார், முறையாக நுழைந்து முறையாக இருக்கிறார், கணவர் குடிமகன் என்றால் அங்கிருந்தே போடுவதுதான் நல்லது. ஐ-130, ஐ-485, வேலை அனுமதிக்கான ஐ-765, பயண அனுமதிக்கான ஐ-131, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அனுப்பலாம். கணவன் மனைவி பிரியாமல் இருக்கலாம், நேர்காணலுக்கும் இருவரும் சேர்ந்தே போவீர்கள். தூதரக நேர்காணலில் மனைவி தனியாக நின்று பதில் சொல்ல வேண்டும், பெண் பார்த்த நாளிலிருந்து கல்யாணம்வரை ஆறே வாரம் என்று அமெரிக்க அதிகாரியிடம் விளக்குவது புதிதாகப் போகிறவருக்குச் சுலபமில்லை.

மருத்துவப் பரிசோதனைக்கான ஐ-693ஐப் பிறகு கொடுக்கலாம் என்று பழைய குறிப்புகளில் இருக்கும். 2024 டிசம்பர் 2 முதல் அது ஐ-485 கூடவே போக வேண்டும், இல்லையென்றால் மொத்த உறையும் திரும்பி வரலாம்.

இந்த வழியின் விலை, ஊருக்குப் போக முடியாமல் போவது. ஐ-485 நிலுவையில் இருக்கும்போது, அட்வான்ஸ் பரோல் (ஐ-131 வழியாக வரும் பயண அனுமதி) கையில் வராமல் எஃப்-1இல் இருப்பவர் நாட்டை விட்டு வெளியே கால் வைத்தால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். எச்-1பி, எச்-4 (எச்-1பிகாரரின் குடும்பம்), எல்-1 (கம்பெனி மாற்றல்) போன்ற சில விசாவில் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு, அதே விசாவில் திரும்பி வரலாம், விசா ஸ்டாம்ப் செல்லுபடியாக இருக்க வேண்டும். பரோல் வருவதற்குப் பல மாதம் பிடிக்கும். அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை, தங்கைக்குக் கல்யாணம், பாட்டி படுத்த படுக்கை, இதில் ஏதாவது ஒன்று கண்ணுக்குத் தெரிகிறது என்றால், முதலில் ஊருக்குப் போய் வந்துவிட்டு போடுங்கள் அல்லது தூதரகம் வழியையே எடுங்கள் என்பதுதான் என் கருத்து. அவசரப் பயண அனுமதி என்று ஒன்று உண்டு, யுஎஸ்சிஐஎஸ் (அமெரிக்கக் குடியேற்றத் துறை) அலுவலகத்தில் நேரில் மருத்துவமனைக் கடிதத்தோடு கேட்கலாம், கிடைக்கவும் செய்கிறது. ஆனால் சாவு வீட்டுக்கு மறுநாளே போய்ச் சேர வேண்டிய நம் குடும்பங்களில் அதை நம்பித் திட்டம் போட முடியாது. எஃப்-1இல் இருப்பவர் 'ஐ-130 போட்டாச்சு, இன்னும் ஐ-485 போடலையே' என்று ஊருக்குப் போய்த் திரும்பினாலும் சிக்கல்தான், மாணவர் விசாவுக்குத் திரும்பிப் போகும் எண்ணம் வேண்டும், குடியேற்ற மனு ஏற்கெனவே பதிவில் இருக்கும்.

வேலை விஷயத்திலும் கவனம். எச்-1பியோ ஓபிடியோ (மாணவர்களுக்கான வேலை அனுமதி) இருந்தால் வேலை தொடரும். மற்றவர்கள் வேலை அனுமதி அட்டை வரும்வரை சும்மா இருக்க வேண்டும். அந்த அட்டை முன்பு 5 வருடத்துக்குக் கிடைத்தது, 2025 டிசம்பர் முதல் அதிகபட்சம் 18 மாதம்தான், புதுப்பிக்க விண்ணப்பித்தால் தானாக நீளும் வசதியும் 2025 அக்டோபர் 30 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு எடுக்கப்பட்டுவிட்டது. அதனால் காலாவதிக்கு ஆறு மாதம் இருக்கும்போதே புதுப்பிக்கப் போடுங்கள், முடிந்தால் எச்-1பியை விடாமல் பிடித்து வைத்திருங்கள். ஐ-485 நிராகரிக்கப்பட்டால் கீழே விழாமல் தாங்குவது அந்த ஸ்டேட்டஸ்தான். கையில் வேறு ஸ்டேட்டஸ் இல்லாமல் நிராகரிப்பு வந்தால் இப்போது நேரே நாடுகடத்தல் நோட்டீஸ் வர வாய்ப்பு அதிகம். தூதரகம் வழியில் வருபவர்களுக்கு இந்த அலைச்சல் எதுவும் இல்லை, இறங்கிய நாளிலிருந்தே நிரந்தரக் குடியிருப்பாளர், மறுநாளே வேலைக்குப் போகலாம்.

விசா முடிந்தும் தங்கிவிட்டவர்கள்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். முறையாகப் பரிசோதிக்கப்பட்டு நுழைந்தவர், பிறகு விசா முடிந்து தங்கிவிட்டாலும், அனுமதி இல்லாமல் வேலை செய்திருந்தாலும், குடிமகனின் மனைவி என்றால் அங்கிருந்தே ஸ்டேட்டஸ் மாற்றிக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. கிரீன் கார்டு வைத்திருப்பவரின் மனைவிக்கு இந்தச் சலுகை இல்லை. ஆனால் 180 நாளுக்கு மேல் சட்டவிரோதமாகத் தங்கியவர் 'தூதரகத்தில் முடித்துவிடலாம்' என்று வெளியேறினால், வெளியேறும் அந்த நிமிடத்தில் 3 வருடத் தடை விழுகிறது. ஒரு வருடமோ அதற்கு மேலோ என்றால் 10 வருடம். ஐ-601ஏ என்ற விலக்கை அமெரிக்காவில் இருக்கும்போதே வாங்கிக்கொண்டுதான் புறப்பட வேண்டும். ஆகவே தங்கிவிட்டவர்கள் லாயரைப் பார்க்காமல் டிக்கெட் எடுக்கக் கூடாது. அங்கிருந்து போடுவதும் முன்பு போல நிம்மதியானதாக இல்லை. 2025 இறுதியில் சான் டியேகோவில் கிரீன் கார்டு நேர்காணலுக்கு வந்த, விசா காலம் முடிந்திருந்த வாழ்க்கைத்துணைகளை அலுவலகத்திலேயே கைது செய்ததாகச் செய்திகள் வந்தன. நேர்காணலுக்கு லாயரோடு போங்கள்.

சிலருக்கு அங்கிருந்து போடும் கதவே மூடியிருக்கும். கப்பல் ஊழியராக சி1/டி விசாவில் நுழைந்தவர், குடிமகளைக் கல்யாணம் செய்திருந்தாலும் ஐ-485 போட முடியாது. தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கம் கப்பல் வேலைக்குப் போகிறவர்கள் நிறைய, அவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜே-1இல் (பரிமாற்றத் திட்ட விசா) வந்த டாக்டர்களுக்கு இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்கவேண்டும் என்ற நிபந்தனை இருந்தால் இரண்டு வழியுமே அடைபடும், அதை நிறைவேற்றவோ விலக்கு வாங்கவோ வேண்டும். சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா பாஸ்போர்ட்டில் எஸ்டா (விசா இல்லாமல் வர ஆன்லைன் அனுமதி) போட்டு வந்தவர் குடிமகனின் மனைவி என்றால் போடலாம், ஆனால் நிராகரிக்கப்பட்டால் நீதிமன்றத்தில் வாதாடும் உரிமையை வரும்போதே விட்டுக்கொடுத்துவிட்டார்.

மறுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் எடை போடுங்கள். ஐ-485 நிராகரிக்கப்பட்டால் குடியேற்ற நீதிபதி முன் மீண்டும் கேட்க வழி உண்டு. தூதரக அதிகாரி மறுத்தால் நீதிமன்றம் அநேகமாகத் தலையிடாது. 2024 ஜூனில் முன்யோஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வெளிநாட்டுக் கணவரை உள்ளே அனுமதிக்கச் சொல்லிக் கேட்க குடிமகளான மனைவிக்கு அரசியலமைப்பு உரிமை இல்லை என்றே தீர்ப்புச் சொன்னது. பழைய விசா மறுப்பு, போலீஸ் வழக்கு, முதல் கல்யாணத்தின் விவாகரத்தில் குழப்பம் என்று ஏதாவது இருந்தால், அமெரிக்காவுக்குள் இருப்பவர் வெளியே போய் நேர்காணலில் நிற்பதை விட உள்ளே இருந்து போராடுவது மேல்.

பணமும் காலமும்

2024 ஏப்ரல் 1 முதல் உள்ள கட்டணப்படி ஐ-130 காகிதத்தில் 675 டாலர், ஆன்லைனில் 625. தூதரகம் வழி என்றால் அதோடு விசா விண்ணப்பத்துக்கு 325, ஐ-864க்கு 120, கார்டு அச்சிட 235, ஆக ஆன்லைனில் போட்டால் 1,305. அங்கிருந்து என்றால் ஐ-485க்கு 1,440, வேலை அனுமதிக்கு 260, பயண அனுமதிக்கு 630, ஐ-130ஐ ஆன்லைனில் போட்டால் எல்லாம் சேர்த்து 2,955. மருத்துவப் பரிசோதனை இரண்டிலும் தனி. தூதரகம் வழி பாதிக் காசுக்கு முடிவது போலத் தெரியும், ஆனால் பிரிந்திருக்கும் காலத்தில் இரண்டு வீட்டுச் செலவு, வருடத்துக்கு ஒன்றிரண்டு விமானப் பயணம் என்று கூட்டினால் வித்தியாசம் கரைந்துவிடும். கட்டும் நாளில் யுஎஸ்சிஐஎஸ் தளத்தில் தொகையைச் சரிபாருங்கள், தபாலில் அனுப்பும் விண்ணப்பங்களுக்கு இப்போது காகிதச் செக் வாங்குவதில்லை, கார்டு அல்லது வங்கிக் கணக்கில் நேரடிப் பிடித்தம்தான்.

காலத்துக்கு யாரும் உறுதி சொல்ல முடியாது. தூதரகம் வழி பெரும்பாலும் ஒரு வருடத்தைத் தாண்டும், அங்கிருந்து போடுவது எந்த ஊர் அலுவலகம் என்பதைப் பொறுத்துச் சில மாதத்திலும் முடியும், இழுக்கவும் இழுக்கும். உங்கள் ஊர் அலுவலகத்துக்கான நேரத்தைத் தளத்தில் பார்த்து முடிவெடுங்கள்.

ஐ-130இல், மனைவி அங்கிருந்து போடப்போகிறாரா, எந்தத் தூதரகம் என்று ஒரு கேள்வி உண்டு. அவசரத்தில் நிரப்பாதீர்கள். தூதரகம் என்று எழுதிவிட்டுப் பிறகு அங்கிருந்து போட நினைத்தால் ஐ-485 போட்டால் போதும். தலைகீழாக மாற்ற வேண்டுமென்றால் ஐ-824 போட்டு, 590 டாலர் கட்டி, ஃபைல் நகரும்வரை இன்னும் பல மாதம் காத்திருக்க வேண்டும்.

எந்த வழியில் போனாலும், கார்டு கிடைக்கும் நாளில் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகவில்லை என்றால் இரண்டு வருடக் கார்டுதான் வரும், அது முடியும் முன் கடைசி 90 நாளுக்குள் நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 போட வேண்டும். தூதரகம் வழியில் இதைத் தவிர்க்க ஒரு வாய்ப்பு இருக்கிறது. விசா பெரும்பாலும் 6 மாதம்வரை செல்லும், இரண்டாம் கல்யாண நாள் அந்தக் காலத்துக்குள் வருகிறது என்றால், அதற்கு மறுநாள் விமானம் ஏறுங்கள். நுழையும் இடத்தில் அதிகாரியிடம் கல்யாணச் சான்றிதழைக் காட்டி இரண்டு வருடம் தாண்டிவிட்டதைச் சொல்லுங்கள், 10 வருடக் கார்டாகவே பதிவு செய்வார்.